கடைசிவரை உட்கார்ந்திருப்பவனுக்குக் குதிரை

ரோடியோவுக்கு நான் போவது ஆண்கள் மண்ணில் விழுவதைப் பார்க்கத்தான். குதிரையின் அழகு, காளையின் கம்பீரம், தாத்தா காலத்து வாழ்க்கை என்று மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எல்லாம் பொய். குதிரை முதுகிலிருந்தோ காளை முதுகிலிருந்தோ யாராவது விழப்போகிறான் என்று தெரிந்தவுடனே அத்தனை கழுத்தும் ஒன்றாக நீளுவதை நான் மேல் வரிசையில் உட்கார்ந்து வருடா வருடம் பார்க்கிறேன். விழுந்தவன் எழுந்து நடந்தால் கைதட்டுவோம். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் ஏமாற்றமும் கலந்திருக்கும்.

என் பெயர் பெவ். கார்வர் ஊரில் எனக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று பெயர். அதற்கு நான் இதுவரை மறுப்புச் சொன்னதில்லை. ஆகஸ்ட் சந்தையின் கடைசி ஞாயிறு, ரோடியோ மைதானத்தின் மேற்குப் பக்கம், மேலிருந்து மூன்றாவது பலகை என்னுடையது. பக்கத்து இடம் என் தோழி ஆர்லிஸுடையது. பலகை உறுத்தாமல் இருக்க ஆளுக்கொரு மெத்தைத் துண்டு, நடுவில் ஒரு ஃபிளாஸ்க் காப்பி. அந்த ஃபிளாஸ்க்கில் காப்பி மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் நம்ப வேண்டாம்.

எண்பத்தைந்தாம் வருடம் அது. எங்கள் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க வங்கிகள் கடனுக்காகப் பண்ணைகளை வாயில் போட்டுக்கொண்டிருந்தன. அந்த வசந்தத்தில் ஆர்லிஸின் பண்ணையும் போனது. டிராக்டர், மாடுகள், வேலி போடும் கம்பி எல்லாம் ஏலத்தில் போயின. கடைசியாக ஜிஞ்சரும் போனாள்.

ஜிஞ்சர் என்பது ஒரு செந்நிறப் பெண் குதிரை. பிறந்த மூன்றாம் நாளே அதன் தாய் பனிப்புயலில் செத்துவிட, ஆர்லிஸ் அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பிறகு பத்து வருடம் அதன் மேல் ஏறித்தான் பீப்பாய்களைச் சுற்றி ஓட்டும் பந்தயங்களில் ஜெயித்தாள். மணமானபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதை அவள் கணவனிடமே சொல்லியிருக்கிறேன். அவனும் சிரித்தான்.

அவன் பெயர் வெண்டல். வியட்நாம் போருக்குப் போய் வந்தவன். பண்ணை போனபின் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினான். ஊரில் பழைய சிப்பாய் யாராவது செத்தால் சவப்பெட்டி மேல் போர்த்திய கொடியை மடித்து விதவையின் கையில் கொடுப்பது அவன்தான். அவன் மடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. நல்லவன். ஆனால் நல்லவனாக இருப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற அரிப்பும் அவனுக்கு உண்டு.

அதற்கு முந்தின வருட ரோடியோவில் அந்த அரிப்புதான் வேலையைக் காட்டியது. தேசிய கீதம் பாடும் நேரம். எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து நிற்கிறோம். காளைக் கூண்டின் மேல் கம்பியில் மட்டும் ஒருவன் உட்கார்ந்து, தொப்பியும் தலையுமாக ஹாட்டாக் தின்றுகொண்டிருந்தான். கிர்பி. ரோடியோவுக்குக் காளைகளும் குதிரைகளும் கொண்டுவரும் ராய்ஸின் மகன். காளைச் சவாரிக்காரன், வயது இருபத்திரண்டு, மூளை அதில் பாதி. வெண்டல் பலகைகளில் இறங்கிப் போனான். மைதானத்தின் குறுக்கே நடந்தான். கிர்பியின் தலையிலிருந்த தொப்பியை எடுத்து, அதை அவன் நெஞ்சிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றான். கிர்பியின் வாயில் கடித்த ஹாட்டாக் அப்படியே இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாங்கள் தட்டிய கைதட்டலில் புறாக்கள் கூரையிலிருந்து பறந்தன. ராய்ஸ் கைதட்டவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்து, புகையிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றை மனதில் வைத்தான் என்றால் வைத்ததுதான்.

ஏலத்தில் ஜிஞ்சரை வாங்கியது ராய்ஸ். பதினாறு வயதுக் குதிரை, துள்ளத் தெரியாது, மேலே இருப்பவனைத் தூக்கி எறியத் தெரியாது, அவன் தொழிலுக்கு ஒரு பைசாவுக்கு ஆகாது. எதற்கு வாங்கினான் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆர்லிஸுக்கு மட்டும் புரியவில்லை. நல்ல மேய்ச்சல் கிடைக்கும் என்று நினைத்து அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகஸ்டில் தெரிந்தது. இறைச்சிக்குக் குதிரை வாங்குகிறவனின் லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது, ஜிஞ்சர் அதில் ஏறப்போகிறாள் என்று ராய்ஸ் தீவனக் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். வெண்டல் அவன் வீட்டுக்குப் போனான். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன், குதிரையைத் திருப்பிக் கொடு என்று கேட்டான். ராய்ஸ் சொன்ன பதிலை வெண்டலே எங்களிடம் சொன்னான்.

"பணம் எதுக்குய்யா நமக்குள்ள? குதிரை வேணுமா, ஞாயித்துக்கிழமை மேசைல வந்து உக்காரு. கடைசிவரைக்கும் உக்காந்திருந்தா ஓட்டிக்கிட்டுப் போ."

மேசை என்றால் எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. மைதானத்தின் நடுவே ஒரு சிவப்பு மேசை, நாலு மடக்கு நாற்காலி. நாலு பேர் சீட்டாடுவதுபோல் உட்காருவார்கள். காளையை அவிழ்த்துவிடுவார்கள். கடைசியாக நாற்காலியில் இருப்பவன் ஜெயித்தான். அவ்வளவுதான் விதி. ஆடாமல் அசையாமல் இருந்தால் காளை சில நேரம் விட்டுவிடும். சில நேரம் விடாது. நான் காப்பியை ஊற்றிக்கொள்ளும் கட்டம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. ராய்ஸ் வெண்டலை மேசைக்குக் கூப்பிட்ட சேதி மூன்று மாவட்டத்துக்குப் போயிருந்தது. முதலில் வழக்கம்போல் கொடியும் கீதமும் நடந்தன. கிர்பி இந்தத் தடவை நல்ல பிள்ளையாகத் தொப்பியைக் கழற்றி நின்றான். குதிரைச் சவாரி, கன்றுக்குக் கயிறு வீசுவது எல்லாம் ஆயின. ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியது. அதை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எல்லோரும் மேசைக்காகக் காத்திருந்தார்கள்.

ஆர்லிஸ் காப்பியைத் தொடவில்லை. மடியில் ஒரு பழைய கடிவாளக் கயிறு வைத்திருந்தாள். ஜிஞ்சருடையது.

"அதை எதுக்குடி கொண்டாந்த?" என்றேன்.

"பின்ன, எதைப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதாம்?"

"உன் புருஷன் விலா எலும்பு முழுசா இருந்தா, மொதல்ல அவனக் கூட்டிட்டுப் போ."

"அவன் உக்காந்திருப்பான், பெவ். பிடிவாதத்துல அவன அடிச்சுக்க ஆள் கிடையாது. அது எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

குதிரைமேல் மைக் பிடித்தபடி டூயி மைதானத்துக்குள் வந்தான். ரோடியோவில் பேசுவதே அவன் பிழைப்பு. யார் முதுகில் எப்போது தட்டுவது, யார் காலை எப்போது வாருவது என்று தெரிந்தவன்.

"மக்களே! இன்னிக்கு மேசைல பரிசு என்னன்னு தெரியுமா? ஒரு அழகான கிழவி! நாலு காலு, செம்பட்ட முடி, பல்லு பாதி போச்சு! என் மாமியாருன்னு நினைச்சுக்காதீங்க, மாமியாருக்குப் பல்லெல்லாம் இருக்கு!"

ஊர் சிரித்தது. ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

நாலு பேர் நடந்து வந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனி ஆள் ஒருவன், மனைவி பார்க்க வந்திருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பியர் குடித்து முகம் சிவந்த ஒரு டிரக் டிரைவர். பிறகு வெண்டல். நாலாவதாக கிர்பி.

"இவன் எதுக்கு உக்கார்றான்?" ஆர்லிஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "குதிரையே அவங்களுதுதானே?"

"அதுக்குத்தான்டி உக்கார்றான்," என்றேன்.

கூண்டின் கதவு திறந்தது. சாம்பல் நிறக் காளை, கொம்பு நுனி அறுத்தது, கழுத்து தூண் மாதிரி. ஓடி வந்து மேசைக்கு முன்னால் நின்று மண்ணைக் கிளறியது. காப்பீட்டுக்காரன் ஒரு நொடி பார்த்தான். எழுந்து வேலியைத் தாண்டிய வேகத்தில் ஷூ ஒன்று மைதானத்திலேயே தங்கிவிட்டது. மனைவிதான் முதலில் சிரித்தாள்.

டிரக் டிரைவரைக் காளை நாற்காலியோடு தூக்கியது. அவன் காற்றில் இருக்கும்போதே "நான் இன்னும் உக்காந்துதான்டா இருக்கேன்!" என்று கத்தினான். பிறகு மண்ணில் விழுந்து, காளைக்குப் போக்குக் காட்டவே நிற்கும் கோமாளி வேஷக்காரர்கள் அதைத் திருப்புவதற்குள் ஒரு மிதி வாங்கினான். ஸ்டிரெச்சர் வந்தது. அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நாங்கள் மகிழ்ச்சியோடு ஊளையிட்டோம்.

இரண்டு பேர் மிச்சம். காளை வந்தது, போனது, வந்தது. கோமாளிதான் காளையை மேசைப் பக்கம் சீண்டித் திருப்பிக்கொண்டிருந்தான். அதில் முக்கால்வாசித் தடவை வெண்டல் பக்கமே திரும்பியதை நான் கவனித்தேன். கோமாளிக்குச் சம்பளம் கொடுப்பது ராய்ஸ்.

பிறகு காளை வெண்டலை முட்டியது. விலாவில் நேராக. நாற்காலியின் ஒரு கால் மடங்கியது. மேசையோடு சேர்த்து அவனைப் பத்தடி தள்ளிக்கொண்டு போனது. அவன் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். புழுதி அடங்கியபோது மூன்று கால் நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்திருந்தான். காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடியது, ஆனால் மூச்சு உள்ளே போன மாதிரித் தெரியவில்லை.

"உக்காந்திருக்கான்," என்றாள் ஆர்லிஸ். சத்தமே இல்லாமல் சொன்னாள். "பெவ், உக்காந்திருக்கான் பாரு."

கைதட்டலில் மைதானம் அதிர்ந்தது. எனக்கு இருதயம் கல் என்பார்கள். நான்கூடக் கத்தினேன். காளை கிர்பியின் முழங்காலையும் ஒரு உரசு உரசியது. அவன் முகம் சுளித்தான். கொஞ்ச நேரத்தில் காளைக்கு அலுத்துவிட்டது. மூலையில் போய் நின்று எங்களைப் போலவே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

ராய்ஸ் கையைத் தூக்கினான். டூயி மைக்கில் சொன்னான்: "காளை களைச்சுப்போச்சு மக்களே! இன்னொண்ணு வருது! மேசைல இருக்கறவங்க அப்படியே இருக்கணும். எழுந்தா தோத்தாச்சு, விதி விதிதான்!"

பழைய காளையை உள்ளே ஓட்டினார்கள். மைதானம் காலி. நடுவே சிவப்பு மேசை, இரண்டு ஆண்கள். வெண்டல் தலையைத் திருப்பி எங்கள் பலகையைத் தேடினான். ஆர்லிஸ் கடிவாளக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். அவன் லேசாகத் தலையசைத்தான்.

அப்போதுதான் கிழக்கு வாசல் திறந்தது.

ஜிஞ்சர் உள்ளே ஓடி வந்தாள். குளிப்பாட்டி, பிடரியில் நாடா கட்டியிருந்தார்கள். மேலே ராய்ஸின் ஆள் ஒருவன். அவன் கையில் பெரிய கொடி. காற்றில் அது படபடவென்று விரிந்தது. டூயி குதிரையை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். குரலை இறக்கினான். பாதிரியார்கள் இறக்குவது மாதிரி.

"அடுத்த காளை வர்றதுக்குள்ள, நம்ம நாட்டுக்காக ரத்தம் சிந்தின வீரர்களுக்காக இன்னொரு தடவை... தயவுசெய்து எல்லாரும் எழுந்திருங்க."

ஒலிபெருக்கியில் கீதம் தொடங்கியது.

எழுவது யோசித்துச் செய்யும் காரியமா? நானும் எழுந்தேன், ஆர்லிஸும் எழுந்தாள், இரண்டாயிரம் பேரும் எழுந்தோம். எழுந்து நெஞ்சில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ராய்ஸின் பக்கம் பார்த்தேன். குதிரைமேல், நெஞ்சில் தொப்பியோடு, தேவாலயத்தில் நிற்பவன் மாதிரி பயபக்தியோடு இருந்தான்.

மேசையில் கிர்பி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். ஆனால் எழவில்லை. மறு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டான். அடிபட்டவனை யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. யாரும் அவனைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாயிரம் ஜோடிக் கண்ணும் வெண்டல் மேல் இருந்தன.

வெண்டலும் தொப்பியைக் கழற்றினான். உட்கார்ந்தபடியே. முதல் வரி போனது. அவன் அசையவில்லை. இரண்டாவது வரி. கீழ் வரிசையில் யாரோ முனகினார்கள். "அவனா? வெண்டலா? உக்காந்திருக்கானா?" இன்னொருவன் தெளிவாகவே சொன்னான்: "போன வருஷம் அந்தப் பையன் தொப்பியப் பிடுங்கினவன்தானே இவன்!"

அவனுக்கு அது கேட்டிருக்கும். கேட்கவேண்டும் என்றுதானே சொன்னார்கள். ஜிஞ்சர் மேசையைச் சுற்றி ஓடினாள். கொடியின் நிழல் அவன் முகத்தின் மேல் விழுந்து போனது.

ஆர்லிஸ் நெஞ்சில் வைத்த கையை எடுத்தாள். கீதத்தின் நடுவே, இரண்டாயிரம் பேர் வாய்மூடி நிற்கும்போது, கத்தினாள்.

"உக்காரு, வெண்டல்! எழுந்திரிக்காத! உக்காரு!"

முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி "உஷ்! வெக்கமா இல்ல?" என்றாள். பின்னாலிருந்து ஒருவன் "வாய மூடச் சொல்லுங்க அவள" என்றான். ஆர்லிஸ் மறுபடி கத்தினாள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை.

வெண்டல் எங்கள் பக்கம் பார்த்தான். பார்த்தான் என்று நான் சத்தியம் செய்வேன். பிறகு மேசையை ஊன்றி, விலாவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து, முதுகை நிமிர்த்தி நின்றான்.

ஆயிரம் ராத்தல் காளையால் எழுப்ப முடியாதவனை ஒரு பாட்டு எழுப்பிவிட்டது.

பாட்டு முடிவதற்கு முன்பே கைதட்டல் தொடங்கிவிட்டது. நானும்தான் தட்டினேன். என் கை, நான் தட்டுவேன், யாரைக் கேட்க வேண்டும்? டூயி தொண்டை கம்மியதுபோல் பேசினான். "மக்களே, விதி விதிதான். மேசைய கிர்பி ஜெயிச்சாச்சு. ஆனா, இப்படிப்பட்ட மனுஷன நாம தினமும் பாக்க முடியுமா? வெண்டலுக்கு ஒரு பெரிய கைதட்டல்!" ராய்ஸ் குதிரையிலிருந்து இறங்கி வந்து அவன் கையைக் குலுக்கினான். போட்டோ பிடித்தார்கள்.

வெண்டல் அப்போது ஒரு காரியம் செய்தான். தொப்பியைத் தூக்கி, மைதானத்தை நோக்கி, ஒரு சுற்றுச் சுற்றி ஆட்டினான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். எழுந்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பலகைகளில் இறங்கினாள். ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கூண்டுகளுக்குப் பின்னால் ஜிஞ்சரின் சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸைக் கண்டதும் அது காதை முன்னே நீட்டிக் கனைத்தது. அவள் அதன் மூக்கைத் தொட்டாள். கிர்பி வேலியில் சாய்ந்து நின்று பியர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு காலும் நன்றாகத்தான் ஊன்றியிருந்தான்.

"முழங்கால் எப்படி இருக்கு, கிர்பி?" என்றேன்.

"பாட்டு முடிஞ்சதும் சரியாயிடுச்சு, பெவ்." கண்ணடித்தான்.

ஆர்லிஸ் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது எதுக்குப்பா? சொல்லு. ஓட்டப் போறியா, வளக்கப் போறியா?"

"எனக்கு எதுக்குங்க இந்தக் கிழடு? செவ்வாக்கிழம லாரி வருது."

"நான் கேட்டா குடுக்க மாட்டியா?"

கிர்பி பியர் புட்டியை வேலித் தூணின் மேல் வைத்தான். அப்பாவின் முகம் அவனுக்கு அப்படியே வந்தது.

"குடுப்பேங்கம்மா. ஏன் குடுக்க மாட்டேன்? உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்க. என் முன்னாடி நின்னு, தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு, 'தயவுசெஞ்சு குடு, கிர்பி'ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். இப்பவே அவுத்துட்டுப் போங்க."

"அவ்வளவுதானா?"

"தொப்பி கழட்டறதுல அவரு கெட்டிக்காரருங்க. இப்பத்தான் பாத்தோமே."

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போல் இருந்தது. ஆனால் ஆர்லிஸின் முகம் தெளிந்துவிட்டிருந்தது. பொய் சொல்வதற்கில்லை, எனக்கும் தெளிந்தது. ஒரு குதிரைக்கு ஒரு தொப்பி. மலிவாகத்தான் பட்டது.

வெண்டல் பியர் கடை மேசைக்கு முன்னால் இருந்தான். காதில் பஞ்சு, விலாவைச் சுற்றிக் கட்டு. பழைய சிப்பாய்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்று, ஆளுக்கொரு கோப்பை வாங்கிக் கையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். "நீதான்யா ஆம்பள!" என்று ஒருவன் முதுகில் தட்ட, வெண்டல் வலியில் துடித்துக்கொண்டே சிரித்தான்.

ஆர்லிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ரொம்ப ஓரமாக இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

"வா. கிர்பி குடுக்கறேன்னு சொல்றான். நீ வந்து கேக்கணுமாம். தொப்பியக் கழட்டிக் கேக்கணுமாம். அவ்வளவுதான். வா, அவன் மனசு மாறறதுக்குள்ள."

வெண்டலின் சிரிப்பு நின்றது. "அவன்கிட்டயா?"

"ஆமா, அவன்கிட்டதான்."

"கொடி முன்னாடி எழுந்திரிக்காத பயகிட்ட நான் தொப்பியக் கழட்டணுமா?"

"ஜிஞ்சருக்காக, வெண்டல்."

அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். ரோடியோவில் கழுத்து நீளுமே, அதே மாதிரி நீண்டிருந்தது. அங்கே இருந்தது அவள் மட்டும் என்றால் அவன் போயிருப்பானோ என்னவோ. எனக்குத் தெரியாது. அவர்கள் இருந்தார்கள்.

"எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு, ஆர்லிஸ்," என்றான் வெண்டல். "இன்னிக்கு அத நான் குடுத்துட்டு வர முடியாது. அது ஒரு குதிரை."

"சரியாச் சொன்னய்யா!" என்றான் ஒருவன்.

ஆர்லிஸ் கையிலிருந்த கயிற்றை அவன் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அன்று அவளை என் வண்டியில் நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.  ஊர் எல்லை வந்தபோது, "புட்டியில பால் குடிக்கும்போது என் கால மிதிச்சுக்கிட்டே நிக்கும் பெவ், நகரவே விடாது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. ஜிஞ்சரை ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்க்க யாரும் போகவில்லை. அதற்கு டிக்கெட் கிடையாதே.

அடுத்த வருட ரோடியோவுக்கு ஆர்லிஸ் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். அதே பலகை, அதே மெத்தைத் துண்டு. தலையில் பழைய பந்தயத் தொப்பி. பக்கத்தில் வெண்டல், இஸ்திரி போட்ட சட்டையில், பழைய சிப்பாய்கள் சங்கம் கொடுத்த புதுப் பதக்கத்தோடு. கீழிருந்து ஆட்கள் அவனுக்குக் கையாட்டினார்கள். அவனும் ஆட்டினான். நான் ஆர்லிஸுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

கொடி வந்தது. ஏதோ ஒரு கறுப்புக் குதிரை மேல். டூயி எழச் சொன்னான், கீதம் தொடங்கியது, எல்லோரும் எழுந்தோம்.

ஆர்லிஸ் எழவில்லை. தொப்பியும் தலையுமாக, முழங்காலில் கை வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு," என்றான் வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆர்லிஸ். எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே கூண்டின் கம்பிமேல் கிர்பி, நெஞ்சில் தொப்பியோடு ஒழுங்காக நின்று, எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில், போன தடவை 'உஷ்' சொன்ன அதே பெண் திரும்பினாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் வெண்டல் செய்ததை ஊரில் யார் மறந்தார்கள்? இப்போது என்ன செய்யப்போகிறான் என்று அத்தனை கண்ணும் கேட்டன.

வெண்டலின் கை நீண்டது. மனைவியின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். காற்றில் அவள் நரைத்த முடி கலைந்தது. கீழே யாரோ கைதட்டினார்கள்.

அவன் கையில் இப்போது இரண்டு தொப்பிகள். எதை நெஞ்சில் வைப்பது என்று தெரியாமல் ஒரு நொடி தடுமாறினான். ஆர்லிஸ் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. சத்தம் போடாமல், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கும் சேத்து நீயே நில்லு, வெண்டல். நிக்கறது ஒண்ணுதான் உனக்கு வரும்."

அவன் இரண்டு தொப்பிகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். பாட்டு இன்னும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.